மலைநாட்டிற் கோழி வீடு அமைத்தல்



கோழி வீட்டைப் பற்றிப் பேச வந்த நான் முதலில் என் தவறு ஒன்றைக் கூறிவிடுகிறேன். விவசாயப் பாடசாலையிற் பயிற்சி முடித்து வெளிவந்த புதிதில், ஹட்டனுக்கு அண்மையில் மரக்கறி செய்யும் ஒருவர் ஐம்பது கோழி வளர்க்க விரும்பி என்னிடம் ஆலோசனை கேட்டார். நான் குளிரை மட்டுமே நினைத்தேன். நாற்புறமும் பலகை அடித்து, இடுக்குகளைப் பசளைச் சாக்கால் அடைத்துவிடும்படி கூறினேன். ஆனி மாத மழையிற் கோழிகளுக்குக் கண் வீங்கிற்று, சளி கண்டது, பதினேழு இறந்தன. "ஐயா, இவ்வளவு அடைச்சும் குளிர் எப்படி உள்ள போச்சு?" என்று அவர் கேட்டார். குளிர் உள்ளே போகவில்லை. கெட்ட காற்று வெளியே போகவில்லை.

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியசு. இறகு முற்றிய கோழிக்கு இது துன்பந் தருவதன்று. தாழ்நாட்டு வெயிலே அதற்குப் பெருந்துன்பம். ஆனால் ஈரத்தைக் கோழி தாங்காது. புதிய எச்சத்தில் முக்காற்பங்கு நீர். அடைத்த வீட்டில் அந்நீர் கூளத்திலேயே தங்கி, அமோனியா வாயு எழுந்து, கண்ணையும் மூச்சுக் குழலையும் அரிக்கின்றது. ஆகவே மலைநாட்டில் வீடு கட்டுவோர் மழையைத் தடுக்க வேண்டும். காற்றைத் தடுத்தல் கூடாது. இனிச் சொல்லப் போவன யாவும் இதனைப் பற்றியனவே.

முதலாவது இடம். பள்ளத்தின் அடி வேண்டாம். குளிர்ந்த காற்று இரவில் நீரைப் போலத் தாழ்விடத்தை நாடி இறங்கும். தை, மாசியில் உறைபனி முதலில் விழுவதும் அங்கேதான். சரிவின் நடுவே ஓரளவு சமமான இடமே நன்று. அதற்காக மண்மேட்டை நிமிர வெட்டி, அதன் காலடியில் வீட்டை ஒட்டி வைப்பதும் ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் நேர்ந்த மண்சரிவை மலைநாட்டார் யாரும் மறக்கவில்லை. தோட்டக் காணியிற் கட்டுவோர் நிருவாகத்தின் அனுமதியை எழுத்திற் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். வாய்ச் சொல்லை நம்பிக் கட்டிய கொட்டில் பிடுங்கப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது திசை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்தடிக்கும். அங்கே வீட்டின் முதுகைத் தென்மேற்குக்குக் காட்டி, திறந்த முகப்பை வடகிழக்குக்கு வையுங்கள். மழைக்குத் தப்புவதோடு காலை வெயிலும் உள்ளே விழும். வலப்பனை, இராகலைப் பக்கத்தார்க்கு இவ்வளவு எளிதன்று. அங்கே மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று மழையைக் கொண்டுவரும். முகப்பைக் கிழக்கே வைத்தால் மழை புகும், மேற்கே வைத்தால் காலை வெயில் கிடையாது. முகப்பைத் தென்கிழக்கே திருப்பி, தாழ்வாரத்தை நான்கடி நீட்டி, சுருட்டி ஏற்றக்கூடிய சாக்குப் படுதா ஒன்றையும் தொங்கவிடுவதே என் யோசனை. மழை விட்டவுடன் படுதாவை ஏற்றிவிடல் வேண்டும்.

ஐம்பது கோழிக்கு, ஒன்றுக்கு மூன்று சதுர அடி வீதம், 15 அடி நீளமும் 10 அடி அகலமுங் கொண்ட வீடு போதும். தரை வெளி நிலத்தினும் ஓரடி உயர்ந்திருக்கட்டும். மேட்டுப் பக்கத்திற் கான் ஒன்று வெட்டி, மேலிருந்து வரும் நீரைச் சுற்றி அனுப்புங்கள். தேயிலை மலையிற் கான் வெட்டிப் பழகியவர்களுக்கு நான் இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. முன்புறம் இரண்டடிச் சுவரும் அதன்மேற் கம்பிவலையும். பின்சுவரை முழுதும் எழுப்பினும், கூரைக்குக் கீழே ஒன்பது அங்குலம் விட்டு வலை அடியுங்கள். சூடேறிய ஈரக்காற்று வெளியேறும் வழி அதுவே. கண் அரை அங்குலத்துக்கு மேற்படாத வலை வேண்டும். மரநாயும் கீரியும் சிறு துவாரத்தையும் விடா.

கூரை முன்னே எட்டடி, பின்னே ஆறடி. தகரம் போடுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குளிர்ந்த இரவில் தகரத்தின் உட்புறம் வியர்த்து, விடியுமுன் சொட்டுச் சொட்டாகக் கூளத்தில் விழும். கூரை ஒழுகுகிறதென்று ஆணியைத் தேடி அலைபவர் பலர். தகரத்தின் கீழே பலகையோ மானாப்புல் வேய்ந்த தட்டியோ கட்டினாற் சொட்டுதல் பெரிதும் குறையும்.

ஆழ்கூளத்துக்கு உமி சிறந்தது. கீழே வயலுள்ளவர்களிடம் அது கிடைக்கும். மேலே உள்ளவர்கள் காய்ந்த மரச்சீவலைப் பாவிக்கலாம். நான்கு அங்குலத்திற் தொடங்கி, எட்டு அங்குலம் வரை ஏற்றி, இரண்டு நாளுக்கொருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, உதிர்ந்தால் நன்று. வாயுவைச் சோதிக்க நின்றபடி முகர்ந்தாற் போதாது. கோழியின் தலை மட்டத்திற்குக் குந்தி முகருங்கள். கண் எரிந்தால் அன்றே கூளத்தைக் கிளறிக் காய்ந்த உமி சேர்த்தல் வேண்டும். ஹட்டன் பக்கத்தில் தை, மாசியிற் கட்டி முடித்தாற் பெருமழைக்கு முன் கூளம் பக்குவப்படும்.

குஞ்சுகளின் கதை வேறு. இறகு முளைக்குமட்டும் அவற்றுக்குச் சூடு வேண்டும்: முதல் வாரம் 35 பாகை செல்சியசு, பின்னர் வாரத்துக்கு மூன்று பாகை குறைத்துக்கொள்க. ஆனால் வீடு முழுவதையும் அடைக்காமல், ஒரு மூலையில் வட்டத் தடுப்பு அமைத்து, அதற்குள் மட்டும் சூடு கொடுங்கள். அடைத்த அறையிற் கரியடுப்பு வைப்பது குஞ்சுக்கும் ஆளுக்கும் உயிராபத்து.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது கோழியெருவுக்கு அலைந்தவர்கள் இங்கும் இருப்பீர்கள். உங்கள் கொட்டிலின் கூளமே லீக்சுக்கும் உருளைக்கிழங்குக்கும் நல்ல எரு. ஆயின் பச்சையாக இட்டால் வேரைச் சுடும். மழை படாமல் மூடிக் குவித்து, இரண்டு மாதமாவது உக்கவிட்டு இடுங்கள்.

இராணிக்கேத்து நோய்த் தடுப்பூசியைப் பற்றி என்னிடம் கேட்பதினும், உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியரிடம் கேட்பதே முறை. குஞ்சுக்கு முற்பணம் கட்டுமுன் அவரைக் கண்டு வாருங்கள்.