மனநலம் காக்கும் அன்றாடப் பழக்கங்கள்



பிறர் நிலத்தில் உழைத்த நம் பெற்றோர்க்கு இரவேனும் உறங்குவதற்கு இருந்தது. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள ஆலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கோ வாரந்தோறும் ஷிப்டு மாறுகிறது, உறக்கமும் மாறுகிறது. உறக்கம் குலைந்தால் சினமும் சோர்வும் மிகும். ஆகவே, இரவுப் பணியின் பிற்பகுதியில் தேநீரைத் தவிர்ப்போம். வீடு திரும்பியதும் அறையை இருளாக்கி உறங்குவோம். களைப்பு நீங்க மதுவை நாடோம்.

களைப்பினும் கொடியது வெட்கம். 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அஃது அவர்தம் குறையன்று. வேலை போனதைத் தம் தகுதிக்குறைவென எண்ணி ஒதுங்கியிருப்பதே கேடு. பிறர் சுமத்திய இழிவை ஏற்க மறுத்தவர்களின் வழிவந்த நாம், இவ்வெட்கத்தையும் ஏற்கலாகாது.

நாள்தோறும் ஒருவேளையேனும் வீட்டாருடனோ அறைத்தோழருடனோ சேர்ந்துண்போம். மனச்சுமையை வாய்விட்டுச் சொல்வோம். ஓய்வுநாளில் சங்கப் படிப்பகத்தில் கூடுவோம். துயரம் இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்தால் மருத்துவரை நாடுவோம். அரசின் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்துண்பதில் இழிவில்லை, இதிலும் இல்லை.