எலும்பில் பதிக்கும் பல்லும் நம் கூலிக் கணக்கும்

(பேரா மாநிலத் தோட்டக் கிளை ஒன்றின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்லைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று ஆபீஸ் வாசல் பலகையில் எழுதி ஒட்டியதும் சிலர் சிரித்தார்கள். சம்பளம், வீடு, வேலைப் பாதுகாப்பு என்று பேச வேண்டிய மேடையில் பல்லுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டு மேலே போகிறோம்.

லயத்து வாசலில் உட்கார்ந்து சிறிய உரலில் வெற்றிலை இடித்த பாட்டிமார்களை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த டொக் டொக் ஓசை சிறுவயதில் நமக்கு வேடிக்கை. ஆனால் அந்தப் பாட்டியின் வயதை யாராவது கேட்டோமா? பலருக்கு ஐம்பதுதான். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெறும் வயிற்றில் பால் வெட்டி, பசி தெரியாமலிருக்கப் புகையிலையோடு வெற்றிலை போட்டு, பல் வலித்தால் கிராம்பும் உப்பும் வைத்து, அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்கி எறிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அரசாங்கம் குடிநீரில் புளோரைடு கலக்கும் கொள்கையை 1972ஆம் ஆண்டு எடுத்தது. குழாய்த் தண்ணீர் வந்த ஊருக்குத்தானே அந்தப் பலன்? ஓடையிலும் கிணற்றிலும் மொண்டு குடித்த லயங்களுக்கு அது எப்படி எட்டும்?

இனி, இந்தக் கூட்டத்தைக் கூட்ட வைத்த காரியத்தைச் சொல்கிறோம். நம் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டி, மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குலை அறுத்து, ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். கீழ்த்தாடையில் இரண்டே பல். சேமநிதிப் பணத்தை எடுக்கப் பாரம் நிரப்ப ஆபீசுக்கு வந்தார். நாங்கள் நிரப்பிக் கொடுத்தோம். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் பணம், அவர் விருப்பம் என்று இருந்துவிட்டோம். அவர் போய் 22,000 வெள்ளி கட்டி, கீழ்த்தாடையில் நான்கு உலோக ஆணிகள் இறக்கி முழு வரிசைப் பல் பூட்டிக்கொண்டு வந்தார். தீபாவளிக்கு முறுக்குக் கடித்துக் காட்டினார். எட்டாம் மாதம் இரண்டு ஆணிகள் ஆடத் தொடங்கின. அவருக்கு நீரிழிவு, கட்டுப்பாட்டில் இல்லை. அதை அந்த நிலையத்தில் கேட்கவில்லையா என்றால், கேட்டிருக்கிறார்கள்! ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கத் தாளில் ஒரு கட்டத்துக்குள் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தத் தாளை எங்களிடம் கொண்டுவந்தது ஆணி ஆடிய பிறகு. நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாரம் நிரப்பியது எங்கள் மேசை என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறோம்.

அதனால்தான் இந்தப் பல் என்ன சங்கதி என்று படித்தோம், கேட்டோம். படிக்கப் படிக்க, இந்த விஷயம் நமக்கு அந்நியமே அல்ல என்று தெரிந்தது.

பணக்காரர்கள் ஒரு காலத்தில் யானைத் தந்தத்திலும் நீர்யானைப் பல்லிலும் செதுக்கிய பொய்ப்பல் வைத்தார்கள். இறந்த மனிதரின் பல்லையும் வைத்தார்கள். 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் விழுந்த சிப்பாய்களின் பல்லைப் பிடுங்கி விற்றதால் அதற்கு வாட்டர்லூ பல் என்றே பெயர். உயிரோடு இருந்தவர் பல்லும் தப்பவில்லை. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கறுப்பின மக்களுக்கு 9 பற்களுக்காக 122 ஷில்லிங் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. கிராணிகளாகிய நாங்கள் ஏட்டை நம்புகிறவர்கள். உழைப்பவன் வாயிலிருந்து பல் எடுத்து உடைமைக்காரன் வாயில் வைத்த காலமும் இருந்தது, தோழர்களே!

ஏழைக்கும் பொய்ப்பல் எட்டும்படி செய்தது எது தெரியுமா? ரப்பர்! சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தும் வழிக்கு 1844இல் காப்புரிமை பெற்றார். அவர் தம்பி நெல்சன், கந்தகத்தை மிக அதிகமாகச் சேர்த்துக் கொம்பு போலக் கெட்டியான ரப்பர் செய்து 1851இல் காப்புரிமை வாங்கினார். அந்தக் கெட்டி ரப்பரில் ஈறு வார்த்து, அதில் பீங்கான் பல் பதித்தார்கள். விலை விழுந்தது. உடனே ஒரு கம்பெனி காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல் வைத்தியரிடமும் கப்பம் வசூலித்தது. கட்டாதவரைக் கோர்ட்டுக்கு இழுத்தது. அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, 1879இல் சான்பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்பன்ட் என்ற பல் வைத்தியர் சுட்டுக் கொன்றார். இதை நாங்கள் புகழவில்லை; ஏழை வாய்க்குப் போகும் பொருளில் ஏகபோகம் எப்படி நுழைகிறது என்பதற்குச் சொன்னோம்.

அதே காலத்தில், 1877இல், இதே பேராவில் கோலாகங்சாரில் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு மலாயா ரப்பர் உலகச் சந்தையையே பிடித்தது. 1930களின் கடைசியில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வரும்வரை கெட்டி ரப்பர் ஈறுதான் உலகமெங்கும் வழக்கம். நம் தாத்தா பாட்டி வெட்டிய பால் எத்தனை வெள்ளைக்காரர் வாயில் ஈறாக இருந்து இறைச்சி மென்றதோ! வெட்டியவர் வெற்றிலையை உரலில் இடித்தார்.

இப்போதைய இம்பிளான்ட்டுக்கு வருவோம். ஸ்வீடனில் பேர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1952 வாக்கில், முயலின் கால் எலும்பில் டைட்டானியம் என்ற உலோகக் குழல் வைத்துச் சோதனை செய்தார். முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை; எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965இல் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியம் ஆணிகள் பதித்துப் பல் பூட்டினார். லார்சன் 2006இல் இறக்கும் வரை, நாற்பது வருஷம், அவை உழைத்தன.

சாதாரண பல்செட் ஈறின் மேல் உட்கார்ந்திருக்கும். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் கரையும். ஆகவே செட் தளரும், குறிப்பாகக் கீழ்ச்செட். இம்பிளான்ட் எலும்பில் வேர் போல நிற்பதால் எலும்பு அவ்வளவாகக் கரைவதில்லை. ஒரு தாடைக்குப் பன்னிரண்டு, பதினான்கு ஆணி தேவையில்லை. போர்த்துகல் நாட்டின் லிஸ்பனில் பாவ்லோ மாலோ என்ற வைத்தியர், நான்கே ஆணிகளில் முழு வரிசையையும் தாங்க வைக்கும் முறையை வளர்த்தார். முன்னால் இரண்டு நேராக. பின்னால் இரண்டு சாய்வாக, மேலே காற்றறையிலும் கீழே நரம்பிலும் படாமல் விலகிப் போகும்படி. தகுந்தவர்களுக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் பூட்டலாம். சில மாதம் எலும்பு பிடித்த பிறகு நிரந்தர வரிசை. இரவில் கழற்றி டம்ளரில் போடும் வேலை இல்லை.

இன்னொரு வேடிக்கை. டைட்டானியத்தின் தாது இல்மனைட். கிந்தா பள்ளத்தாக்கு ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்த பின் மிஞ்சும் ஆமாங் மணலில் அது இருக்கிறது. உலகத்து இல்மனைட்டில் பெரும்பகுதி வெள்ளைச் சாயத்துக்குத்தான் போகிறது, உலோகத்துக்குக் கொஞ்சமே. ஆனாலும் ரப்பரும் நம் மண், இந்த உலோகத்தின் தாதும் நம் மண் என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது?

விலையில் இடிக்கிறது. தனியார் நிலையங்களில் நான்கு ஆணி முறை ஒரு தாடைக்கு இருபதாயிரம் வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பது அரிது, மேலேயும் போகும். 2025இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டு மாதத்துக்கு 20,400. ஒரு வருஷம் சோறு தின்னாமல், வாடகை கட்டாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்தால் ஒரு தாடை. தோட்டம் விற்றுப் போய்ப் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்களுக்கு இது நடக்கிற காரியமா?

ஆனால் ஒன்றுமில்லாததற்கும் நான்கு ஆணிக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு ஆணி வைத்து அதன்மேல் மாட்டிக் கழற்றும் செட்டையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்றார்கள். செலவு வெகுவாகக் குறையும், செட் குதிக்காது. மேல்தாடைக்குச் சாதாரண செட்டே பலருக்கு நன்றாக ஒட்டும். அரசாங்கப் பல் மருத்துவமனையில் சாதாரண செட்டுக்குக் கட்டணம் குறைவு, வரிசைதான் நீளம். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் பல் மருத்துவப் பிரிவுகளிலும் விசாரிக்கலாம்.

பணம் இருந்து பதிக்கப் போகிறவர்களுக்கு: முதலில் சர்க்கரையைப் பாருங்கள். கட்டுக்கடங்காத நீரிழிவும் புகையும் இந்த ஆணிகளுக்குப் பகை. எலும்புத் தேய்வுக்கு மருந்து உண்பவரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும், தாடையில் கதிர்ச் சிகிச்சை பெற்றவரும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெற்றிலை புகையிலையால் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால், பல் பேச்சை நிறுத்திவிட்டு அதை முதலில் காட்டுங்கள். வாய்ப்புற்று நம் இனத்தாரிடையே அதிகம், அதிலும் பெண்களிடையே. உலோகத்துக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள ஈறு சீழ்ப்பிடித்து எலும்பு கரையும். பல் வரிசைக்கு அடியில் தினமும் துலக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ஆணியின் கம்பெனிப் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள்; நாளை திருகு தளர்ந்தால் வேறு வைத்தியருக்கு அது தெரிந்தாக வேண்டும். கைப்பேசியில் விளம்பரம் செய்து வீட்டுக்கே வந்து பல் கட்டும் ஆசாமிகளை அண்டவே வேண்டாம். 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி பதிவில்லாமல் அத்தொழில் செய்வது குற்றம்; அபராதம் 300,000 வெள்ளி வரை, சிறை ஆறு வருஷம் வரை.

கிளையின் சார்பில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். அடுத்த கூட்டு ஒப்பந்தக் கோரிக்கையில், தொழிலாளிக்கும் துணைவருக்கும் பல்செட் செலவைச் சேர்க்க வேண்டும். பல் மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. அரசாங்க நடமாடும் பல் மருத்துவக் குழுவை எஞ்சியுள்ள தோட்டங்களுக்கு அழைக்க வேண்டும். நான்கு ஆணிப் பல்லை நிர்வாகம் தர வேண்டும் என்று இன்றைக்குக் கேட்கவில்லை. இரண்டு ஆணிச் செட்டுக்கு வட்டியில்லாக் கடன் கேட்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். வேறு அபிப்பிராயம் இருந்தால் எழுந்து சொல்லுங்கள்.

ஆடும் ஆணிகளோடு அந்த அண்ணன் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லாமல் தம் கதையைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார். அவருடைய தாளை இப்போது வரி வரியாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த நிலையத்துக்குக் கடிதமும் போயிருக்கிறது. இனி சேமநிதிப் பாரத்தோடு வைத்தியத் தாள் எது இருந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் ஆபீஸ் மேசையில் நாங்கள் இருப்போம்.