ஒரு தீவும் பல கோயில்களும்



குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறினால் நெடுந்தீவின் மாவிலித்துறையை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் எத்துணை நீளமானது என்பதைத் தீவார் அறிவர். பவளக்கல் மதில்களையும் குதிரைகளையும் பெருக்கு மரத்தையும் பார்க்க வருவோர் மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். இங்கேயே இருப்போருக்குப் பொழுது சாய்ந்தபின் கடும் நோய் கண்டால் என் செய்வது என்பதே பெரிய கேள்வி.

இத்தீவிலே சைவ ஆலயங்கள் உண்டு. கத்தோலிக்கக் கோயில்கள் உண்டு. அமெரிக்க மிஷன் வழிவந்த தென்னிந்திய திருச்சபையும் உண்டு. கிறிஸ்தவ சபைகள் தம்முட் கூடி ஊருக்கு ஆற்றக்கூடிய பணியைக் குறித்து, அரசாங்கப் பாடசாலை அதிபர் என்ற முறையில் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

இச்சபைகள் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கியமைக்குப் பழைய காரணம் இருக்கின்றது. போர்த்துக்கீசர் காலத்திற் பரவிய கத்தோலிக்க சமயம், 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் தடைசெய்யப்பட்டது. கோயில்கள் சீர்திருத்தச் சபையாரின் கைக்கு மாறின. 1687ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த யோசவ் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரை மறைவாகவே சந்திக்க வேண்டியிருந்தது. ஒரே கட்டடத்தில் நேற்று ஒரு சபையும் இன்று மற்றொரு சபையும் வழிபட்ட வரலாறு இலகுவில் மறக்கப்படுவதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்லியன் மிஷனும் அமெரிக்க மிஷனும் சேர்ச் மிஷனும் அடுத்தடுத்து வந்தன. இம்மூன்றும் தமக்குள் வழக்காடாது ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டன. ஒருவருடைய ஊரில் மற்றவர் பாடசாலை கட்டுவதில்லை என்பது ஏற்பாடு. அது நாகரிகமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் பங்கிடுவது வேறு, கூடிச் செய்வது வேறு. காணியைப் பிரித்து வேலியடைத்த சகோதரர் சண்டையிடாதிருக்கலாம். அதனால் அவர்கள் ஒரே வயலை உழுகிறார்கள் என்று சொல்ல முடியுமா?

கூடிச் செய்த பணிகளும் இல்லாமலில்லை. பேர்சிவல் பாதிரியார் தலைமையில் யாழ்ப்பாணத்தில் நடந்த விவிலிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. வெவ்வேறு மிஷன்களைச் சேர்ந்தோர் அதில் ஈடுபட்டனர். தமிழ்நடைக்குத் துணைநின்றவரோ சைவப் பெருமகனாராகிய ஆறுமுகநாவலர். பின்னர் சைவத்தின் பொருட்டு மிஷனரிமாரை எதிர்த்து நின்றவரும் அவரே. கொள்கையில் விட்டுக்கொடாத இருவர் ஒரு மேசையிலிருந்து ஒரு நூலைச் செம்மை செய்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

1947ஆம் ஆண்டில் தென்னிந்திய திருச்சபை உருவானபோது, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதனோடு இணைந்தன. சபாபதி குலேந்திரன் அவர்கள் முதற் பேராயரானார். ஆயினும் இங்குள்ள அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் அவ்விணைப்பிற் சேரவில்லை. கடலுக்கப்பாலுள்ள மதுரையோடும் திருநெல்வேலியோடும் ஒன்றான சபை, அயலூரான நல்லூரிலுள்ள அங்கிலிக்க சபையோடு ஒன்றாகாத விந்தையை என்னென்பது! இலங்கைச் சபைகளை ஒன்றாக்கும் திட்டமும் நீண்டகாலம் பேசப்பட்டு, 1972இல் வழக்கு மன்றத்தோடு நின்றுவிட்டது. நிருவாக ஒற்றுமைக்காகக் காத்திருந்தால் ஊர்ப்பணி ஒருநாளும் தொடங்காது என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் 1960ஆம் ஆண்டு இறுதியில் உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதன் நன்மை தீமைகளை இங்கே ஆராயப் புகவில்லை. யாழ்ப்பாணத்துப் பல பாடசாலைகளின் பெயர்ப்பலகைகளில் மிஷன் பெயர் இன்றும் எஞ்சியிருக்கின்றது. வகுப்பறையிலோ எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கின்றனர். பிள்ளைகள் கூடிவிட்டனர்; பெரியோர்தாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தத்தம் வழியே செல்கின்றனர். கத்தோலிக்கர் ஏனைய கிறிஸ்தவரோடு கூடிப் பணியாற்றுதலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே ஊக்குவித்துவிட்டது. ஆகையால் தடை மேலிடத்தில் இல்லை, பழக்கத்திலேதான் இருக்கின்றது.

துயரம் வந்தபோது இப்பழக்கம் தானாகவே உடைந்தது. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் பயணம் செய்தோர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். அவர்களுக்காக அழுதபோது இன்ன கோயிலார் என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. மகிழ்ச்சிக்கும் சான்று உண்டு. நெடுந்தீவுப் பிரதேசத்தைச் சேர்ந்த கச்சதீவின் அந்தோனியார் திருவிழாவுக்கு இலங்கையிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் அடியார் வருகின்றனர். குடிநீர்கூட இல்லாத அத்தீவில் ஆயிரக்கணக்கானோர் ஓரிரவு தங்குவதற்குத் தண்ணீரும் உணவும் மருத்துவமும் படகும் ஒழுங்காகின்றனவே! இரண்டு நாளுக்கு இயல்வது ஆண்டு முழுவதும் ஏன் இயலாது?

இனி என் வேண்டுகோள். வரவுப் பதிவேட்டைப் பார்க்கும்போது சில பிள்ளைகள் தொடர்ந்து வராதிருப்பதைக் காண்கிறேன். விசாரித்தால், பாட்டனாரையோ பேர்த்தியாரையோ யாழ்ப்பாண வைத்தியசாலையிற் பராமரிக்கப் போயிருப்பார்கள். வீட்டில் வேறு ஆளில்லை. பெற்றோர் தொழிலுக்கு வெளியூரில், மாமன்மார் வெளிநாட்டில். நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடுகிறது. துணைக்குச் சென்றவர் தங்குவதற்கு ஒரு பாய் கிடைப்பது அரிது. பட்டணத்திலே கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கும் இடமுண்டு, புரட்டஸ்தாந்து சபைகளுக்கும் இடமுண்டு. இவர்கள் கூடித் தீவாருக்கென ஒரு தங்குமிடமும், நோயாளியோடு துணையிருக்கத் தொண்டர் சிலரையும் ஏற்படுத்தலாகாதா?

ஒரு சபை தனித்துச் செய்தால் வரக்கூடிய சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். உதவியின் பின்னே மதமாற்றம் இருக்குமோ என்று சைவக் குடும்பங்கள் ஐயுறுவது இயல்பு. அவ்வையத்துக்கு நம் வரலாற்றில் இடமில்லை என்றும் சொல்ல இயலாது. பல சபையாரும் கூடி நடத்தும் இடத்தில் நோயாளியை எந்தச் சபையும் தன்னவர் என்று உரிமை கொண்டாட முடியாது. சைவப் பெரியார் ஒருவரும் நிருவாகத்தில் அமர்ந்தால் அந்த ஐயம் முற்றாக நீங்கும்.

பெரிய கட்டடம் வேண்டாம். இரண்டு அறையும் ஒரு கிணறும் போதும். கணக்குப் புத்தகத்தில் வெவ்வேறு சபையைச் சேர்ந்த இருவர் கையொப்பமிடட்டும். தவக்காலத்திலே உண்டியலிற் சேரும் காணிக்கையில் ஒரு சிறு பங்கை இரு சபைகளும் இதற்கென ஒதுக்கினால், கச்சதீவுக்குப் படகேறும் நாளுக்கு முன்பாகவே முதற் பாயும் முதல் விளக்கும் வாங்கிவிடலாம்.