ஃபைட்டர் மீனுக்குக் குவளை போதுமா?

ஃபைட்டர் மீனுக்கு ஒரு குவளைத் தண்ணீரே தாராளம் என்று சொல்லி விற்பார்கள். தாய்லாந்தின் நெல் வயல்களிலும் குட்டைகளிலும் கிடந்த மீன்தானே என்பது வாதம். நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு என்பதும் மெய்தான். ஆனால் வயலில் ஆழம்தான் குறைவு, பரப்பு குறைவில்லை. காற்றைக் குடிக்கும் மீன் மூச்சுமுட்டலுக்குத் தப்பலாம். தன் கழிவிலிருந்து ஊறும் அம்மோனியா செவுளைப் புண்ணாக்குவதற்குத் தப்பாது. உடனே சாகவில்லை என்பதை நலம் என்று கணக்கெழுதுவது அநியாயம். 20 லிட்டர் தொட்டி, 26 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு, வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றம்: இவ்வளவுதான் அது கேட்பது.

குவளையிலேயே கூடு கட்டுகிறதே, அது சந்தோஷம் இல்லையா என்பார்கள். இல்லை, அது ஆண் மீனின் இயல்பு. வாயால் குமிழி ஊதி நுரைக்கூடு கட்டும். பெண்ணை வளைத்து அணைக்கும். உதிரும் முட்டைகளைக் கவ்விவந்து நுரையில் ஒட்டும். முட்டையிட்டதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் கடித்துக் குதறிவிடும். குஞ்சுகள் தாமாக நீந்தியதும் அப்பனையும் எடுக்க வேண்டும். ஒரே ஈட்டில் நூற்றுக்கு மேலும் குஞ்சுகள் வரலாம். வளர்ந்த ஆண்களுக்கெல்லாம் தனித்தனித் தொட்டி வேண்டும். அதற்கு இடமில்லாதவர்கள் ஜோடி சேர்க்காமலிருப்பதே நல்லது.