முட்டி வலித்தால் பயிற்சியை மாற்றுங்கள்

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கும் அதிகமான படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும். உடல் எடையைப் போல் ஏறக்குறைய 3 மடங்கு சுமை ஒரே முட்டியில் விழுகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. வலிக்குப் பயந்து சும்மா உட்கார்ந்தால் அந்தத் தசையும் இளைத்துவிடும்.

படிகளையும் ஆழமாகக் குந்துவதையும் சில வாரம் தள்ளிவையுங்கள், முருகன் காத்திருப்பார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். காலுக்கு 10 தடவை. தாவரவியல் பூங்காவில் மேடில்லாத பாதையில் நடங்கள். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முட்டி வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே கிளினிக்கிற்குப் போங்கள்.