கல்லூரிப் பேருந்து வருமுன் ஏரியில் நடப்பது

2019 ஜூலை 12 அன்று தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்த சென்னைக்காக ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்கள், வேகனுக்கு 50,000 லிட்டர் என்று 25 லட்சம் லிட்டர் தண்ணீர். 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்த அந்த ரயில் ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் நிலையங்களைத் தாண்டித்தான் வந்தது. பருத்திப்பட்டு ஏரி, அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி எல்லாம் அந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்து ஏரிகள்தாம். கொரட்டூர் ஏரி மட்டுமே சுமார் 590 ஏக்கர். ஏரிகளைக் கடந்து தண்ணீர் ரயில் போன கதையை வேறு எந்த ஊரிலாவது சொன்னால் நம்பமாட்டார்கள்.

நாலரை ஆண்டு போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது.

ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சிவில், வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் தினமும் இந்த நீர்நிலைகளின் ஓரமாகவே பேருந்தில் போய் வருகிறார்கள். அவர்களுடைய படிப்பும் இந்த ஏரிகளும் ஏன் சந்திக்கவில்லை என்பதே இச்சொற்பொழிவின் கேள்வி.

சந்திக்கவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியான், கல்வி நிறுவனங்கள் கிராமங்களைத் தத்தெடுக்கச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழுவின் சமூக ஈடுபாட்டுப் பாடத்துக்கு 2 கிரெடிட், 30 மணி நேரம். அதில் குறைந்தது பாதி களத்தில் கழிய வேண்டும். திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் முகாம் ஏழாம் நாள் முடிகிறது. மாணவர் சட்டையில் சேறு ஒட்டுகிறது, பேனர் முன்னால் புகைப்படம் எடுக்கப்படுகிறது, மரக்கன்றுக்கு எட்டாம் நாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. இதைத் தொண்டு என்று அழைக்கலாம், கல்வி என்று அழைக்க முடியாது.

கல்வியாக அதை மாற்றிக் காட்டியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகளான மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1956-இல் அங்கே கிராமிய நிறுவனம் பிறந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமத்தில் தங்கிப் படிப்பதை அது பட்டப்படிப்புக்குள்ளேயே வைத்தது. விடுமுறைச் சேவைக்கும் பாடத்திட்டத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் சிறியதல்ல. பாடமென்றால் மதிப்பெண் உண்டு, ஆசிரியர் உண்டு, அடுத்த ஆண்டு அதே ஊருக்கு வேறு மாணவர்கள் வருவார்கள்.

கிராமத்துக்குச் சரி, அம்பத்தூருக்கு? இங்கே ஏரியே போதும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். கல்லூரிப் பேருந்து பத்து மணிக்கு மேல்தான் கரைக்கு வரும். மாணவர்கள் பதினொரு மணிக்கு மாதிரி எடுத்தால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். பாசி பச்சைப்பசேலென்று இருக்கிற ஏரியில் இன்னும் தாராளம். ஏனென்றால் வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரவில் அதே பாசி அதை உள்ளிழுக்கிறது. ஆகவே ஏரி மிகவும் திணறுவது விடியலுக்குச் சற்று முன்புதான். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இதை அறிந்தவர்கள் அதிகாலையில் வலை இழுப்பவரும் நடைப்பயிற்சி செல்லும் பெரியவரும். அவர்களிடம் கேட்காமல் எழுதிய அறிக்கை கருவியளவில் சரி, ஏரியளவில் பொய். எந்த மதகருகே இரவில் கழிவுநீர் லாரி நிற்கிறது என்பதும் டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும்.

ஆகாயத்தாமரையும் அப்படியே. ஆண்டுதோறும் பொக்லைன் வைத்து வாரினாலும் அது திரும்ப வருகிறது. சாக்கடை கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் உள்ளே வருகிறவரை வந்துகொண்டே இருக்கும். பருத்திப்பட்டு ஏரி சுமார் 28 கோடி ரூபாயில் சீரமைக்கப்பட்டு 2019 ஜூனில் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கழிவுநீர் கலக்கிறது என்ற புகார் அதற்குப் பிறகும் ஓயவில்லை. நடைபாதை போடுவது சுலபம், வாய்க்காலை மறிப்பதுதான் கடினம்.

கொரட்டூரில் கேள்வி கேட்க மக்கள் முன்பே எழுந்துவிட்டார்கள். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம், கழிவு கலப்பதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே கோபம் செல்லாது, தேதியும் இடமும் அளவும் உள்ள பரிசோதனை முடிவுதான் செல்லும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை அளக்க இந்தியத் தரமுறை 27 டிகிரியில் மூன்று நாள் காக்கச் சொல்கிறது. குளிக்கத் தகுந்த நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தச் சோதனைக்கான கருவிகள் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கின்றன. கேள்வி குடியிருப்போரிடம், கருவி கல்லூரியில். இடையே ஒரு காம்பவுண்டுச் சுவர்.

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகம் இந்தச் சுவரை 2009-இல் வேறு விதமாகத் தாண்டியது. ஓராண்டுக்கு ஒரு நகரம், முதலாவது கிரெஷாம். நகராட்சி தன் சிக்கல்களைப் பட்டியலிட்டுத் தரும், பல துறைகளின் வகுப்புகள் அவற்றையே அந்த ஆண்டின் பாடமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஓராண்டுக் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று நீர் இறங்கும் தொடர் இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடியும், அதுவோ செமஸ்டர் தேர்வுக் காலம். ஒரு மழைக்காலத்தை வைத்து ஏரியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஐந்து மழைக்காலமாவது ஒரே கல்லூரி ஒரே ஏரியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையும் இப்படியொரு வகுப்பறைதான். முலாம் பூசும் பட்டறையில் அலசும் நீரைத் தொட்டி தொட்டியாக எதிர்த்திசையில் ஓடவிட்டால் நீரும் மிச்சம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் குறைவாகவே வெளியேறும். அதை வேலை நிற்காமல் செய்துகாட்டுவது இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஏற்ற சவால். கடையில் விலைக்குக் கிடைக்கும் புராஜெக்டுகளைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த அவையில் இருக்கும் துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜூன் மாதம் புராஜெக்ட் தலைப்புகளை முடிவுசெய்யும் முன், உங்கள் கல்லூரிக்கு அருகேயுள்ள குடியிருப்போர் சங்கத்தை அழைத்து ஒரே ஒரு கேள்வி வாங்குங்கள். விடை கிடைத்ததும் இரண்டு பக்கத் தமிழ் அறிக்கையாக எழுதி, 2022 முதல் நடந்துவரும், வட்டார மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் மாணவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே எழும் கேள்விகளுக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதற்கும் மதிப்பெண் போடுங்கள்.