உதைக்கிற வித்தை

டர்ட் பைக் பந்தயத்துல வண்டி அணைஞ்சு போச்சுன்னா பலர் என்ன செய்வாங்க? பதற்றத்துல ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி உதைப்பாங்க. வண்டி கிளம்பாம இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது!

1998-ல யமஹா கொண்டுவந்த ஒய்.இசட். 400 எஃப் வண்டியையே எடுத்துக்குங்க. அதோட கார்புரேட்டர்ல ஒரு சின்ன பம்ப் உண்டு. ஒவ்வொரு முறுக்குக்கும் பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும். மிஞ்சினா ப்ளக் நனைஞ்சிடும்.

அதனால முதல்ல நியூட்ரல். ஹாட் ஸ்டார்ட் குமிழை இழுத்தா கூடுதல் காற்று போய்க் கலவையைச் சரிக்கட்டும். கிக்கரை மெதுவா மிதிங்க. ஓரிடத்துல கல்லு மாதிரி நிக்கும். பிஸ்டன் உச்சியை நெருங்கிடுச்சுன்னு அர்த்தம். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடிச்சுக்கிட்டு மயிரிழை தாண்டவிட்டு, லீவரை விட்டுடணும். கிக்கர் மேலே வந்ததும், ஆக்சிலேட்டரைத் தொடாம, அடிவரைக்கும் ஒரே மிதி. பழைய புல்லட்காரங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

வண்டி கவிழ்ந்து கிடந்து பெட்ரோல் ரொம்ப ஏறிடுச்சா? அப்ப மட்டும் ஆக்சிலேட்டரை முழுசாத் திறந்து அப்படியே பிடிச்சுக்கிட்டு, நாலஞ்சு தடவை மிதிச்சு மிஞ்சினதை வெளியே தள்ளணும். அப்புறம் மூடிட்டு மறுபடி முதல்லேருந்து.

கிளம்பினதும் ஹாட் ஸ்டார்ட் குமிழை உள்ளே தள்ள மறந்துடாதீங்க.